எல்லாவற்றுக்கும் என்று ஒட்டிய லேபிள்

செவ்வாய்க்கிழமை காலை பின்னறையை எட்டிப் பார்த்தபோது, சித்தி பொரிப்புப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முட்டைகளைக் கையால் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் போட்டிருந்தது. வட்டம் மேலே இருந்தால் பெருக்கலை மேலே கொண்டுவர வேண்டும்.

"உள்ள வர்றதுன்னா வா, இல்லன்னா கதவைச் சாத்து. காத்து வருது," என்றார் திரும்பாமலே.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சித்தி வீட்டில் தங்கித்தான் பகலில் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன், மாலையில் கணினி வகுப்புக்குப் போகிறேன். சித்தி கோழிக்குஞ்சு பொரித்து விற்கிறார். ஆளுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, அதற்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். சூட்டை ஒரு பழைய தெர்மோஸ்டாட் திருகு பார்த்துக்கொள்கிறது. அது கெட்டதே இல்லை. தட்டுகளைச் சாய்ப்பதுதான் பெட்டியின் உச்சியில் இருக்கும் உள்ளங்கை அகலக் கணினிப் பலகையின் வேலை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது மோட்டாரை ஓட்டித் தட்டுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கும். அப்படி அசைத்துக்கொண்டே இருக்காவிட்டால் உள்ளே வளரும் கரு ஓட்டோடு ஒட்டிச் செத்துப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்ததில் பலகையின் மெமரி கார்டு கெட்டுவிட்டது. செல்போன் பழுது பார்க்கும் கடைக்காரர் புதுக் கார்டில் புது சிஸ்டம் போட்டுக் கொடுத்தார். பலகைக்கு உயிர் வந்தது. ஆனால் தட்டைச் சாய்க்கும் நிரல் பழைய கார்டோடு போயிற்று. பெட்டி செய்தவர் எப்போதோ மூலநிரலை ஒரு பென் டிரைவில் போட்டுத் தந்திருந்தார். போனில் கேட்டதற்கு, யாராவது கம்பைல் செய்து ஏற்றினால் போதும், பெரிய விஷயமில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

"போன தடவையும் கரண்டு போயி அத்தனையும் கூமுட்டை," என்றார் சித்தி. "இதுவும் போச்சுன்னா பெட்டியைப் பிரிச்சு வெறகாக்கிடுவேன், ஆமா. நீதான் சாயங்காலமானா அங்க போயி என்னமோ பேக்கேஜு பேக்கேஜுன்னு கட்டறியே. இதையும் ஒண்ணு கட்டிக் குடு."

"சித்தி, நான் இப்பத்தான் படிக்கறேன். போன டெஸ்ட்ல முட்டைதான் வாங்கினேன்."

"முட்டை வாங்கத் தெரிஞ்ச ஆளுதான் எனக்கு வேணும்."

சித்தப்பா வாசற்படியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். இரவு முறை அவருடையது. "கோழி கூட இப்படி ராப்பகலா உக்காந்திருக்காது," என்றார். "ஒவ்வொரு தடவை தெறக்கறப்பவும் சூடு போகுது, ஈரம் போகுது. ரொம்ப நாள் தாங்காது. சீக்கிரம் பாரும்மா."

பென் டிரைவை வாங்கிப் பையின் உள்ஜிப்பில் போட்டேன். அது அங்கே இருக்கிறதா என்று வேலைக்குப் போகிற வழியெல்லாம் தொட்டுப் பார்த்தேன்.

எங்கள் வகுப்பில் பேக்கேஜ் செய்வது எப்படி என்பது போன வாரப் பாடம். ஒரு நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, மேலே ஒரு லேபிள் எழுத வேண்டும். பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, யார் செய்தது, எந்த ப்ராசஸருக்கானது. நாங்கள் பழகியது வணக்கம் சொல்லும் ஒரு சின்ன நிரல். அது வெறும் எழுத்து. எந்தக் கணினியும் அதை வரிவரியாகப் படித்துச் செய்துவிடும். அதனால் எந்த ப்ராசஸர் என்ற வரியில் 'எல்லாவற்றுக்கும்' என்று போட்டிருந்தோம்.

அன்று மாலை அந்தப் பயிற்சிக் கோப்புறையைப் பிரதி எடுத்தேன். சித்தியின் நிரலை வகுப்புக் கணினியில் கம்பைல் செய்தேன். அதாவது, மனிதர் எழுதிய நிரலை ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றினேன். வணக்கத்தை எடுத்துவிட்டு அதை அங்கே வைத்தேன். லேபிளில் பெயரை மாற்றினேன், பதிப்பை மாற்றினேன், செய்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, வெட்கமாக இருந்ததால் அழித்து, மறுபடி போட்டேன். ப்ராசஸர் வரியையும் படித்தேன். எல்லாவற்றுக்கும். நல்லதுதானே, இதில் மாற்ற என்ன இருக்கிறது என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

வகுப்புக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, 'மோட்டாரைக் காணோம்' என்று நிரல் குறை சொன்னது. இல்லாத மோட்டாரைக் காணோம் என்பது சரியான குறைதான். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

எதையும் செய்து பார்ப்பதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று எழுதி வைப்பது என் பழக்கம். அப்போதுதான் பிறகு, எனக்கு முன்பே தெரியும் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள முடியாது. புதன்கிழமை காலை, 'ஓடும் என்று நினைக்கிறேன்' என்று எழுதிவிட்டுப் பேக்கேஜைப் பலகையில் ஏற்றினேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறிக்கொண்டது. ஓட்டினேன். இது இயக்கக்கூடிய வடிவத்தில் இல்லை என்று ஒரே வரியில் சொல்லி நின்றது.

"என்ன சொல்லுது?" என்றார் சித்தி.

"வாங்கி வச்சுக்கிச்சு. ஆனா ஓட்ட மாட்டேங்குது."

"உங்க சித்தப்பாவுக்கு டிரெட்மில் வாங்கிக் குடுத்தேனே, அந்தக் கதைதான்," என்று சொல்லிவிட்டு முட்டைகளைப் புரட்டப் போனார்.

மாலை வகுப்பில் மேடத்திடம் சொன்னேன். அவர் நான்கு மேசைகளுக்கு நடுவே நின்று நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "எந்த ப்ராசஸருக்குக் கம்பைல் பண்ணினே?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

எந்த ப்ராசஸருக்கு என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. இந்த மேசைக் கணினியில் கம்பைல் செய்தால் இந்த மேசைக் கணினியின் ப்ராசஸருக்குத்தான் செய்யும் என்பதே அப்போதுதான் உறைத்தது. சித்தியின் பலகையில் இருப்பது கைபேசிகளில் இருக்கும் வகை, ஆர்ம். இரண்டுக்கும் கட்டளைகளே வேறு. ஒன்றுக்கு 'கூட்டு' என்று பொருள்படும் பைட்டுகள் மற்றதற்கு வெறும் உளறல்.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். எந்தக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம் சொல்வதால் அவனுக்கு வகுப்பில் ரீஸ்டார்ட் என்று பெயர்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

"ப்ராசஸரே வேறப்பா."

"அதான், ரீஸ்டார்ட் பண்ணினா..."

"பண்ணினா வேற ப்ராசஸரா மொளைக்குமா?"

"கேட்டேன். கேக்கறதுக்கு என்ன," என்றான், கோபித்துக்கொள்ளாமல்.

வியாழக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாகப் பலகையிடமே கேட்டேன். நீ என்ன வகை என்று கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. 'ஆர்ம், அறுபத்து நான்கு பிட்' என்று அது பளிச்சென்று பதில் சொன்னது. அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அன்று காலை சித்தி சில முட்டைகளை வெளிச்சத்தில் பார்த்தார். விளக்கை அணைத்து, ஜன்னலை மூடி, டார்ச்சின் முனையில் முட்டையை வைத்தால் ஓடு சிவப்பாக ஒளிரும். நரம்புகள் வேர் மாதிரி பரவியிருப்பது தெரியும். நடுவில் ஒரு கருப்புப் புள்ளி திடுக்கென்று அசைந்தது.

"உயிரோட இருக்கு," என்று கிசுகிசுத்தேன்.

"மெதுவா ஏன் பேசறே? அதுக்கு இன்னும் காது மொளைக்கல." அடுத்த முட்டையை வைத்தார். அது மங்கலாக இருந்தது. புருவத்தைச் சுருக்கி, முதல் முட்டையை மறுபடி எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "இது எனக்குப் பிடிபடல. இருக்கட்டும், இன்னொரு நாள் பாப்போம்," என்று மங்கலானதையும் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

அன்று மாலை வகுப்பில் நான் செய்த காரியம் எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஒரு கணினியில் உட்கார்ந்து, அதே கணினியில் ஓடாத ஒன்றைச் செய்தேன். வேறொரு ப்ராசஸருக்காகக் கம்பைல் செய்துதரும் கருவி தனியாகக் கிடைக்கிறது. அதை நிறுவி, ஆர்ம் அறுபத்து நான்கு என்று சொல்லி ஓட்டினேன். ரீஸ்டார்ட் வந்து அதை எங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்தான். ஓடவில்லை.

"போச்சு, கெடுத்துட்டே," என்றான்.

"இல்லப்பா, இங்க ஓடினாத்தான் கெடுத்துட்டேன்னு அர்த்தம்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஒன்று ஓடாததற்காக நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல்முறை. பழைய லேபிளையே இதற்கும் போட்டுக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுதியது: 'இந்த முறை ஓட வேண்டும். ஓடாவிட்டால் தப்பு என்னிடம்தான்.' பேக்கேஜ் முன்பு போலவே சத்தமில்லாமல் ஏறியது. ஓட்டினேன். 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்றது பலகை.

கோப்பு கண்ணெதிரே இருந்தது. பட்டியல் எடுத்தால் பெயரைக் காட்டுகிறது, அளவைக் காட்டுகிறது, வைத்த நேரத்தையும் காட்டுகிறது. அதே பெயரைச் சொல்லி ஓடு என்றால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. பெயரில் பிழையோ என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஓட்டுவதற்கு அனுமதி இருக்கிறதா பார்த்தேன், இருந்தது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ரீஸ்டார்ட்டும் செய்தேன்.

"இருக்கு, ஆனா இல்லைங்குது சித்தி."

சித்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். "எனக்கு ஒரு வார்த்தை நேராச் சொல்லு. நாளைக்குள்ள ஆகுமா ஆகாதா? ஆகாதுன்னா இந்தத் தட்டையெல்லாம் பெரிய பண்ணைக்காரங்ககிட்ட குடுத்துடறேன். குஞ்சாவது பொழைக்கும். வழியில ஆட்டம் கண்டு பாதி போனாலும் பாதி பொழைக்கும்."

"நாளைக் காலைல வரைக்கும் குடுங்க," என்றேன். சொன்ன பிறகுதான், எந்த தைரியத்தில் சொன்னேன் என்று பயம் வந்தது.

மருத்துவமனையில் அன்று நல்ல கூட்டம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் என்று விரலால் தொட்டே காட்டினார். உள்ளே போனவர் வெளியே வந்தபோது மேல்பல்லில் பஞ்சு வைத்திருந்தார்கள். "கீழதான் வலிச்சுதும்மா, சத்தியமா," என்று என்னிடம் முறையிட்டார். மேலே கெட்டிருந்தாலும் சிலருக்குக் கீழே வலிக்குமாம். மருத்துவர் அடிக்கடி சொல்வதுதான்.

அவருக்கு ரசீது போட்டுக்கொண்டிருந்தபோது என் கை நின்றுவிட்டது. 'அப்படி ஒரு கோப்பு இல்லை.' எந்தக் கோப்பு? நான் என் கோப்பைத்தான் சொல்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். அது எதன் பெயரையும் சொல்லவில்லையே. வேறு எதையோ தேடி, அது கிடைக்காமல் சொல்கிறதோ?

"ஏம்மா, மீதி?" என்றார் ஓட்டுநர்.

மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடினேன். என் நிரலை மட்டும் முறைத்துப் பார்த்துப் பயனில்லை, பக்கத்தில் நன்றாக இருக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. பலகையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த, கோப்புகளைப் பட்டியல் போடும் நிரலைப் பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டேன். போகிற போக்கில் ஒரு தட்டு முட்டையையும் புரட்டிக் கொடுத்தேன்.

மாலை வகுப்பில் இரண்டையும் அருகருகே வைத்தேன். ஒரு கோப்பை ஓட்டாமலே அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. என் நிரலைக் கொடுத்தேன்: ஆர்ம், அறுபத்து நான்கு பிட். பலகையிலிருந்து கொண்டுவந்ததைக் கொடுத்தேன்: ஆர்ம், முப்பத்திரண்டு பிட். ஒரே ஆர்ம்தான், ஆனால் வகை வேறு.

"மேடம்!" என்று வகுப்பே திரும்பும்படி கத்திவிட்டேன்.

மேடம் வந்து குனிந்து பார்த்தார். "இது நானும் நேர்ல பாத்ததில்ல," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் போர்டுல என்ன கட்டளை குடுத்துக் கேட்டே? ஓ, அதுவா. அது கெர்னலோட பதில். சிஸ்டத்துக்கு அடிமட்டம் கெர்னல். அது தன்னைப் பத்தி மட்டும் சொல்லும். மேல இருக்கற மத்ததெல்லாம் முப்பத்திரண்டா இருக்கலாம். இதோ, இந்த வரியைப் பாரு."

என் நிரலின் உள்ளே ஒரு முகவரி எழுதியிருந்தது. எந்த நிரலும் தொடங்கும்போது, அதற்கு வேண்டிய நூலகங்களை, அதாவது பல நிரல்களுக்கும் பொதுவான நிரல்தொகுப்புகளை, தேடிக் கொண்டுவந்து சேர்க்க ஒரு துணைநிரல் வேண்டும். அந்தத் துணைநிரல் எங்கே இருக்கும் என்பதைக் கம்பைல் செய்யும்போதே நிரலுக்குள் எழுதிவிடுகிறார்கள். அறுபத்து நான்கு பிட்டுக்கான துணைநிரல் சித்தியின் பலகையில் இருக்க வழியே இல்லை. 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பலகை சொன்னது அதைத்தான். பாவம், அது பொய் சொல்லவே இல்லை.

"ஆனா ஒண்ணு," என்றார் மேடம், "தப்பான பேக்கேஜ்னா ஏத்தறப்பவே தடுத்திருக்கணுமே. உன்னை எப்படி உள்ள விட்டுச்சு? லேபிளைக் காட்டு."

காட்டினேன். எல்லாவற்றுக்கும்.

மேடம் சிரிக்கவில்லை. ரீஸ்டார்ட் சிரித்தான்.

முப்பத்திரண்டு பிட்டுக்குக் கம்பைல் செய்ய அதிக நேரம் ஆகவில்லை. லேபிளில் முதல் வேலையாக அந்த ஒரு வரியைத் திருத்தினேன். பிறகு, அவசியமில்லாமலே, நேற்றைய அறுபத்து நான்கு பிட் பேக்கேஜையும் பிரித்து, அதன் லேபிளிலும் உண்மையை எழுதி மறுபடி கட்டினேன். இரண்டும் பென் டிரைவில் வந்தன.

சனிக்கிழமை காலை சித்தியும் சித்தப்பாவும் எனக்குப் பின்னால் நின்றார்கள். புரட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர்களின் எண் சித்தியின் கைபேசியில் தயாராக இருந்தது.

"இதுதானே சரியானது?" என்றார் சித்தி, நான் முதல் கோப்பைத் தேர்ந்தெடுத்ததும்.

"இல்ல, இது தப்பானது. ஒரு நிமிஷம்."

"சரியானது கையில இருக்கறப்ப தப்பானதை எதுக்குடி போடறே?"

"என்ன சொல்லுதுன்னு பாக்கணும் சித்தி."

"இவளைக் கட்டிக்கப் போறவன் பாவம்," என்றார் சித்தப்பா.

'தடுக்கும் என்று நினைக்கிறேன்' என்று எழுதிவிட்டு ஏற்றினேன். தடுத்தது. இந்தப் பேக்கேஜ் ஆர்ம் அறுபத்து நான்குக்கானது, இந்த சிஸ்டம் ஆர்ம் முப்பத்திரண்டு, இரண்டும் பொருந்தவில்லை என்று தெளிவாகச் சொன்னது. மூன்று நாளாக நான் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடிய பதில், வாசலிலேயே கிடைத்திருக்கும். வாசலில் நின்று கேட்கவிருந்தவனின் வாயை, 'எல்லாவற்றுக்கும்' என்று எழுதி நானே அடைத்திருந்தேன். எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"பாத்தாச்சா? மகராசி, இப்பவாவது," என்றார் சித்தி.

இரண்டாவதை ஏற்றி ஓட்டினேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. குறையும் இல்லை, செய்தியும் இல்லை. அப்போது பெட்டிக்குள் மோட்டார் முனகியது. தட்டுகள் எல்லாம் சேர்ந்து, மெதுவாக, இடது பக்கம் சாய்ந்தன. ஒரு முட்டை பக்கத்து முட்டையில் 'டக்' என்று தட்டி நின்றது.

சித்தப்பா நேராகப் போய்ப் படுத்துவிட்டார். சித்தி மட்டும் ஸ்டூலைப் போட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். ஒரு தடவை சாய்ந்தது சரி, அடுத்த தடவையும் தானாகச் சாய்கிறதா பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்றார். நானும் தரையில் உட்கார்ந்தேன். அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தேன். அடுத்த நேரம் வந்தபோது பழக்கத்தில் சித்தியின் கை கதவுப் பிடிக்குப் போனது. அது தொடுவதற்கு முன்னால் மோட்டார் முனகியது. சித்தி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கைபேசியை எடுத்துப் பண்ணைக்காரர்களின் எண்ணை மூடினார்.

செல்போன் பழுது பார்க்கும் கடைக்காரரிடம் ஒரு சந்தேகம் கேட்காமல் இருக்க முடியவில்லை. பலகை அறுபத்து நான்காக இருக்க, முப்பத்திரண்டு பிட் சிஸ்டத்தை ஏன் போட்டீர்கள் என்றேன். "பழைய போர்டு, புது போர்டு, எது வந்தாலும் அது ஓடும். எல்லாத்துக்கும் ஒரே சிஸ்டத்தைத்தான் கார்டுல போட்டு வச்சிருக்கேன்," என்றார் அவர். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

குஞ்சுகள் பொரிந்த அன்று பின்னறைக்குள் நுழையும் முன்பே சத்தம் கேட்டது. ஈரமும் அழுக்கு மஞ்சளுமாக, நிற்கத் தெரியாமல் ஒன்றன் மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு தட்டிலும் சில முட்டைகள் மட்டும் அப்படியே கிடந்தன. வழக்கமாகக் கிடப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று சித்தி சொல்லாமலே தெரிந்தது.

"கையால புரட்டின நாள்லதான் இதெல்லாம் போயிருக்குமா சித்தி? நான் புதன்கிழமையே சரியாப் பண்ணியிருந்தா..."

"அது முட்டைக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாததுக்கு லேபிள் ஒட்டாதே," என்றார் சித்தி. ஒரு குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதைப் பிடி. நான் பெட்டியைக் கழுவணும். அடுத்த முட்டை திங்கக்கிழமை வருது."

கையில் அதன் இதயம் படபடவென்று அடித்தது. அன்று டார்ச் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்ததே, அந்த முட்டை பொரிந்ததா, பொரியாமல் கிடக்கிறதா என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது. ஓட்டுத் துண்டுகளில் பென்சில் குறிகள் இருந்தன. வட்டம், பெருக்கல், வட்டம். எல்லாம் ஒரே மாதிரி.